கள்ளியும் பூச்சியும்

சப்பாத்திக்கள்ளியைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்றதும், "வேலியோரத்து முட்செடியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ரோஜாவைப் பற்றியோ தாமரையைப் பற்றியோ பேசினால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஒரு செடியை இன்னதென்று சரியாக இனங்கண்டுகொள்வது எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டுமானால், எனக்குத் தெரிந்தவரை இந்தக் கள்ளியைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. நம் நாட்டில் மக்கள் இதனை ஒரே கள்ளியாகவே கருதி வந்தார்கள். அது ஒன்றன்று, பல என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது ஒரு சிறு பூச்சி. அந்தக் கதைக்கு வருமுன், செடியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம்.

'கள்ளி' என்ற சொல் தமிழில் மிகப் பழையது. பாலை நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கள்ளியைப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்ட கள்ளி வேறு. நாம் இன்று பேசும் கள்ளி வேறு. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி ஆகியவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கிளையை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியை ஒடித்துப் பாருங்கள். பால் வராது, வெண்டைக்காயை நறுக்கினால் வருவது போன்ற வழவழப்பான கூழ்தான் வரும். இது காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மரத்தின்மேல் ஒட்டி வளரும் ரிப்சாலிஸ் என்னும் ஒரு சிறு செடியைத் தவிர, அந்தக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்திற்கே உரியது. கொலம்பஸ் கடல் கடந்ததற்குப் பின்னரே, ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி அது உலகெங்கும் பரவியது. ஆகவே, சங்கப் புலவர் எவரும் சப்பாத்திக்கள்ளியைக் கண்டிருக்க முடியாது. பழைய பாட்டுக்குப் படம் வரையும் நம் ஓவியர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொண்டால் நன்று.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். சப்பாத்து என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து நாம் பெற்ற சொல், காலணியைக் குறிப்பது. அடிப்பாதம் போன்ற வடிவம் உடையதால் சப்பாத்துக்கள்ளி ஆயிற்று என்பார் சிலர். சப்பாத்தியைப் போலத் தட்டையாக இருப்பதால் வந்த பெயர் என்பார் வேறு சிலர். நாகத்தின் படம்போல விரிந்து நிற்பதால் நாகதாளி என்றும் அழைப்பதுண்டு. தாவர நூலார் இந்த இனத்திற்கு வைத்த பேரினப் பெயர் ஒப்புன்சியா. கிரேக்க நாட்டில் ஓப்பஸ் என்றொரு பழைய நகரம் இருந்தது. அதன் அருகே வளர்ந்த ஏதோ ஒரு செடியைத் தியோபிராஸ்டஸ் என்னும் பேரறிஞர் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பெயரைப் பிற்காலத்தார் எடுத்து இந்த அமெரிக்கச் செடிக்குச் சூட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் இனம் ஒப்புன்சியா டில்லெனியை. 1732-இல் வெளிவந்த தம் நூலில் இச்செடியைப் படத்துடன் விளக்கிய டில்லெனியஸ் என்பாரின் பெயர் அதில் நிலைத்திருக்கிறது. இதனைத் தனியினமாகக் கொள்ளாமல், ஒப்புன்சியா ஸ்டிரிக்டா என்னும் இனத்தின் ஒரு வகையாகவே கொள்வாரும் உண்டு.

இனி உறுப்புகளைப் பார்ப்போம். பச்சையாக, தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்பவற்றை இலைகள் என்று எண்ணிவிடாதீர்கள். அவை தண்டுகள். இலையின் தொழிலைத் தண்டே மேற்கொண்டிருப்பதால், இதனை இலைத்தொழில் தண்டு என்கிறோம். அப்படியானால் இலை எங்கே? புதிதாகத் துளிர்த்த இளந்தட்டில் பாருங்கள். ஊசிமுனை போன்ற சிறு பச்சை உறுப்புகள் வரிசையாக நிற்கும். அவையே உண்மையான இலைகள். சில வாரங்களில் அவை உதிர்ந்துபோகும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் பஞ்சு போன்ற ஒரு சிறு மெத்தை உண்டு. முள்ளும் பூவும் புதுத்தட்டும் வேரும் அந்த மெத்தையிலிருந்தே பிறக்கின்றன.

முட்கள் இருவகை. பெரிய முட்கள் மஞ்சள் நிறமானவை. சற்றே தட்டையாகவும் வளைந்தும் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதால், இவற்றால் தீங்கு குறைவு. இவற்றின் அடியில் கொத்தாக இருக்கும் நுண்ணிய சுணைகளே பொல்லாதவை. ஒவ்வொரு சுணையிலும் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. உள்ளே போவது எளிது, வெளியே வருவது அரிது. பழத்திற்கு ஆசைப்பட்டுக் கைவைத்த சிறுவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பழத்தை மணலில் நன்றாகத் தேய்த்துச் சுணை போக்கி, பிளந்து தின்று, நாக்கும் உதடும் சிவக்கத் திரியும் கலையை அவர்கள் எந்தப் பாடநூலிலும் கற்றதில்லை.

பழத்தின்மேல் சுணை எப்படி வந்தது? இது நல்ல வினா. இச்செடியில் சூற்பை தண்டின் உள்ளேயே புதைந்து கிடக்கிறது. பழத்தின் தோல் என்று நாம் கருதுவது உண்மையில் தண்டின் பகுதி. ஆதலால்தான் தண்டிலுள்ள மெத்தையும் சுணையும் பழத்திலும் இருக்கின்றன. முற்றாத காயை மண்ணில் புதைத்தால், அது வேர்விட்டுச் செடியாவதும் உண்டு. பூவிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் விரிந்த பூவின் உள்ளே நிறைய மகரந்தத் தாள்கள் நிற்கும். ஒரு புல்லின் நுனியால் அவற்றை மெல்லத் தீண்டுங்கள். அவை மெதுவாக நடுவை நோக்கிச் சாய்வதைக் காண்பீர்கள். பூவினுள் நுழைந்த வண்டின் உடலில் மகரந்தம் நன்றாகப் படிவதற்கு இந்த அசைவு உதவுகிறது. மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லும்போதெல்லாம் இதைச் செய்து காட்டுவேன். தொட்டாற்சுருங்கியை மட்டுமே அறிந்திருந்தவர்களுக்கு வியப்புத் தாங்காது.

வறண்ட நிலத்தில் இது வாழும் முறை இன்னும் வியப்பானது. பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போய்விடுகிறது. கள்ளி அந்தச் செலவைச் செய்வதில்லை. வெயில் தாழ்ந்து குளிர்ந்த இரவில்தான் அது துளைகளைத் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. பகலில் கதவை மூடிக்கொண்டு, சேர்த்து வைத்ததைக் கொண்டு உணவு சமைக்கிறது. எனவே விடியற்காலையில் தட்டின் சாறு புளிப்பாகவும், மாலையில் புளிப்புக் குறைந்தும் இருக்கும். இத்தகைய புளிப்பு மாற்றத்தைக் குறித்து எழுதியவர்களுள் முன்னோடியான பெஞ்சமின் ஹெய்ன், தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர ஆய்வாளராகப் பணிபுரிந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. 1813-இல் அவர் எழுதிய கடிதம் கள்ளியைப் பற்றியதன்று. நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் ரணகள்ளியைப் பற்றியது. அதன் இலை காலையில் புளிக்கிறது, பகலில் சுவையற்றுப் போகிறது என்று தின்று பார்த்தே கண்டுபிடித்தார். நீங்கள் தின்ன வேண்டாம். லிட்மஸ் தாள் போதும்.

நிற்க. கதைக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மிக உயர்ந்த செஞ்சாயம் மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே கள்ளித் தோட்டங்களில் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை வளர்த்தார்கள். பெண்பூச்சிக்குச் சிறகில்லை. தட்டின்மேல் ஓரிடத்தில் ஊன்றி அமர்ந்து, சாற்றை உறிஞ்சியபடியே வாழ்நாளைக் கழிக்கும். அதனை நசுக்கினால் இரத்தம்போல் சிவந்த நீர் வரும். அதிலுள்ள கார்மினிக் அமிலமே சாயம். மழைக்காலத்தில் நம் வயல்களில் ஓடும் தம்பலப்பூச்சியோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது எட்டுக் கால் உடையது, வேறு இனம். மெக்சிகோ அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. சாயத்தை விற்ற ஸ்பெயின், பூச்சியை மட்டும் வெளியே விடவில்லை. ஆங்கில அதிகாரிகளின் செந்நிறச் சட்டைக்குக்கூடச் சாயம் ஸ்பெயினிடமிருந்து வர வேண்டியிருந்தது. கம்பெனியாருக்கு இது பொறுக்கவில்லை.

சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் இருந்தார். கம்பெனியின் தலைமை மருத்துவர். தாவர ஆர்வம் மிக்கவர். 1786-இல் சென்னைக்கு அருகே உவர்நிலப் புல்லொன்றில் சிவப்புச் சாறுடைய பூச்சியைக் கண்டு, இதுவே கொச்சினீல் என்று மகிழ்ந்து இலண்டனுக்கு எழுதினார். ஆராய்ந்தபோது அது வேறு என்று தெரிந்தது. எனினும் முயற்சி நிற்கவில்லை. பூச்சி வரும்போது அதற்கு உணவு வேண்டுமே என்று, கியூ தோட்டத்திலிருந்து கள்ளி வகைகள் வரவழைக்கப்பட்டன. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. ஊரெல்லாம் கள்ளியைக் களைய முயலும்போது, ஓர் அரசாங்கம் வேலி கட்டிக் கள்ளி வளர்த்த செய்தி இது. சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு உலகமே விரும்பிய சிவப்புத் துணிகளை நம் சாயக்காரர்கள் அன்று உருவாக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இலை போட்டாயிற்று, விருந்தாளி வரவில்லை. 1795-இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜனைரோ துறைமுகத்தில் தங்கினார். அங்கே பூச்சி படிந்த கள்ளிகளைக் கண்டு, சிலவற்றைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வழியில் பெரும்பாலானவை மடிந்தன. எஞ்சியவை தாவரத் தோட்டத்தில் விடப்பட்டன. நாட்டில் முன்பே பரவியிருந்த ஒரு கள்ளியின்மேல் அவை வெகுவேகமாகப் பெருகின. அங்கிருந்து சென்னைக்கும் அனுப்பப்பட்டன. ஆனால் சாயம் எடுத்துப் பார்த்தபோது தரம் மிகத் தாழ்ந்திருந்தது. காரணம் யாதெனின், வந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சியன்று. அதன் உறவினமான காட்டுப்பூச்சி. அளவிற் சிறியது, மேலே வெண்பஞ்சு மிகுதியாக மூடியது, சாயம் குறைந்தது. டாக்டிலோப்பியஸ் சிலோனிகஸ் என்று இன்று அதனை அழைக்கிறோம். சாயக் கனவு சில ஆண்டுகளில் கலைந்தது.

ஆனால் பூச்சி தன் வேலையை விடவில்லை. எந்தக் கள்ளியில் அது பெருகியதோ, அந்தக் கள்ளி வடஇந்தியாவில் மடியத் தொடங்கிற்று. அது ஒப்புன்சியா மோனகாந்தா. பளபளப்பான மெல்லிய தட்டுகளும், மெத்தைக்கு ஒன்றிரண்டு முட்களும் உடையது. மோனகாந்தா என்றாலே 'ஒற்றை முள்' என்று பொருள். தென்னாட்டில் அது நிலங்களை அடைத்துக்கொண்டு உழவர்க்குத் தொல்லை தந்துகொண்டிருந்தது. 1863 முதல் 1868 வரையிலான ஆண்டுகளில், வடக்கிலிருந்து அந்தப் பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து வேண்டுமென்றே பரப்பினார்கள். மோனகாந்தா அழிந்தது. இலங்கையிலும் அவ்வாறே செய்தனர். அயலிலிருந்து வந்த களையை அதன் பூச்சியைக் கொண்டே ஒடுக்கிய முயற்சிகளுள் உலகிலேயே முதலாவது என்று அறிவியல் நூல்கள் குறிப்பது நம் தென்னாட்டில் நிகழ்ந்த இதனையே.

இங்கே ஒரு மாணவர் ஒருமுறை என்னை இடைமறித்தார். "அப்படியானால் எங்கள் ஊரில் இன்னும் ஏன் கள்ளி நிற்கிறது?" என்றார். இந்த வினாதான் கதையின் உயிர். மோனகாந்தாவை அழித்த பூச்சி, மஞ்சள் முள் கொண்ட டில்லெனியைக் கள்ளியைத் தீண்டவேயில்லை. இரண்டும் அருகருகே நின்றபோதும் ஒன்றை உண்டது, மற்றதை விட்டது. மக்கள் இரண்டையும் 'கள்ளி' என்றே அழைத்தார்கள். பூச்சி அவ்வாறு கொள்ளவில்லை. போட்டிக்கு நின்ற செடி ஒழிந்துபோக, காலியான நிலங்களில் டில்லெனியை தழைத்தது. உழவர்கள் வெட்டினார்கள், வெட்டிய ஒவ்வொரு தட்டும் விழுந்த இடத்தில் வேர்விட்டது. எரிக்கலாம், ஆழப் புதைக்கலாம். ஏக்கர் கணக்கில் யாரால் முடியும்? பழத்தைத் தின்ற காகமும் நரியும் விதையை எங்கெங்கோ கொண்டுசென்றன. மேய்ச்சல் நிலமும் தரிசும் வண்டிப்பாதையும் முள்ளுக்குள் மறைந்தன. புதர்களுக்குள் பாம்புக்கும் எலிக்கும் நல்ல வாசம்.

இதே காலத்தில் ஆஸ்திரேலியா எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள். 1788-இல் முதல் குடியேற்றக் கப்பல்களோடு சென்ற ஆர்தர் பிலிப், அதே ரியோ துறைமுகத்திலிருந்து கள்ளியையும் பூச்சியையும் எடுத்துச் சென்றார். அதே சாயக் கனவு, அதே தோல்வி. பின்னர் அங்கே போய்ச் சேர்ந்த ஒப்புன்சியா ஸ்டிரிக்டா, 1925 அளவில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலத்தை மூடிவிட்டது. தமிழ்நாட்டின் பரப்பைப்போல் இருமடங்கு என்று சொல்லத் துணிவேன். ஆனால் அதுவும் தாழ்த்திச் சொன்னதாக முடியாது. குடியேறிய பலர் வீட்டையும் நிலத்தையும் விட்டே போனார்கள். முன்னதாக, 1912 முதல் 1914 வரை குயின்ஸ்லாந்து அரசு அறிஞர் இருவரை உலகெங்கும் அனுப்பியது. அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, மோனகாந்தாவுக்கு நேர்ந்ததை அறிந்து, சிலோனிகஸ் பூச்சியைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கும் மோனகாந்தா மட்டுமே மடிந்தது. ஸ்டிரிக்டாவுக்காக அவர்கள் அமெரிக்காவில் தேடி வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்தனர். அது டாக்டிலோப்பியஸ் ஒப்புன்சியே. பெரும்பகுதி வேலையை முடித்தது அர்ஜென்டினாவிலிருந்து வந்த காக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் புழு. 1925-இல் ஆலன் டாட் என்னும் பூச்சியியலார் அனுப்பிய ஏறத்தாழ 3,000 முட்டைகளிலிருந்து பெருகிய அந்தப் புழுக்கள், பத்தாண்டுக்குள் கள்ளிக்காட்டைத் தின்று தீர்த்தன. பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சியின் நினைவாக மண்டபமே கட்டியிருக்கிறார்கள். பூச்சிக்கு மண்டபம் எழுப்பிய ஊர் வேறெங்காவது அதிகம் இராது.

நம்மிடமிருந்து பூச்சி பெற்ற நாடு, பத்தாண்டு கழித்து நமக்கும் ஒன்று கொடுத்தது. டாக்டிலோப்பியஸ் ஒப்புன்சியே 1924-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. இம்முறை செடியும் பூச்சியும் பொருந்தின. உழவர்கள் பூச்சி படிந்த தட்டுகளை எடுத்துப் புதிய புதர்களின்மேல் வைத்தார்கள். பிறந்தவுடனே ஊர்ந்து செல்லும் குஞ்சுகளைக் காற்றும் சுமந்து சென்றது. ஐந்தாறு ஆண்டுகளில், தலைமுறை தலைமுறையாக அசையாதிருந்த கள்ளிக்காடுகள் மஞ்சள் பூத்து, வாடி, சரிந்து மண்ணாயின. நிலம் மீண்டும் ஏருக்கு வந்தது. அணை கட்டினால் கல்வெட்டு வைக்கிறோம். இந்த வெற்றிக்கு நம் நாட்டில் ஒரு நடுகல்கூட இல்லை என்பது எனக்கு வருத்தமே.

பூச்சியின் தேர்வு எத்துணை நுண்ணியது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா மேலும் ஒரு சான்று தருகிறது. அங்கே 1930களிலேயே ஒப்புன்சியே பூச்சியை விட்டிருந்தார்கள். பழத்திற்காக வளர்க்கப்பட்டுக் காடாகிப்போன ஒப்புன்சியா ஃபைகஸ்-இண்டிகா என்னும் பெருங்கள்ளியை அது நன்றாகத் தாக்கியது. ஆனால் குரூகர் வனவிலங்குப் பூங்காவில் பரவிய ஸ்டிரிக்டாவின்மேல் அது செழிக்கவில்லை. 1997-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மரபுவழியை வரவழைத்தார்கள். அது ஸ்டிரிக்டாவை ஒடுக்கிற்று. உருவத்தில் இரண்டு பூச்சிகளுக்கும் வேறுபாடு காண முடியாது, பெயரும் ஒன்றே. செடியை மட்டும் அவை மாற்றி உண்பதில்லை.

இந்தப் பூச்சிகளை நன்மை செய்பவை என்று மட்டும் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். மொராக்கோ நாட்டில் ஃபைகஸ்-இண்டிகா களையன்று. ஏழை உழவனின் வேலி அது; பஞ்சத்தில் ஆட்டுக்குத் தீனி அது; கோடையில் கூடை கூடையாக விற்கும் பழமும் அதுவே. 2014-இல் அங்கே ஒப்புன்சியே பூச்சி காணப்பட்டது. சில ஆண்டுகளில் ஊர் ஊராகக் கள்ளித் தோட்டங்கள் வெண்பஞ்சு போர்த்து மாண்டன. ஆஸ்திரேலியாவைக் காத்த அந்துப்பூச்சியும் அவ்வாறே. 1957-இல் கரிபியன் தீவுகளில் விடப்பட்ட அது, 1989-இல் அமெரிக்காவின் புளோரிடா கரையை அடைந்தது. கள்ளியைத் தன் அரசு முத்திரையிலேயே பொறித்திருக்கும் மெக்சிகோ, அதன் இளந்தட்டைக் கறியாகவும் பழத்தைக் கனியாகவும் உண்ணும் நாடு. அந்தப் பூச்சி தன் கரையோரத் தீவுகளில் தென்பட்டதும், விரைந்து தேடி அழித்தது.

நம் நாட்டில் சப்பாத்திக்கள்ளி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கடற்கரை மணலிலும் கரட்டு நிலத்திலும் ஆங்காங்கே நிற்கிறது. பூச்சியும் அதனோடு வாழ்கிறது. செடி பெருகினால் பூச்சி பெருகும். செடி குறைந்தால் பூச்சியும் குறையும். அடுத்த முறை வழியில் கள்ளிப்புதரைக் காணும்போது, முதலில் முள்ளின் நிறத்தையும், ஒரு மெத்தையில் எத்தனை முட்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டின்மேல் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெண்பஞ்சுத் துளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், கையால் தொடாமல், ஒரு குச்சியின் நுனியால் ஒரு துளியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கம்பெனியார் கப்பலேறித் தேடிய சிவப்பு அந்தத் தாளில் தெரியும்.